அப்பாவின் தமிழும் இரண்டு மலைத் தவளைகளும்

அவருடைய அம்மா சரி என்றால் எங்கள் கல்யாணம், இல்லை என்றால் இல்லை. இதை அவரே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார், தோப்பும்படி பஸ் நிறுத்தத்தில் வைத்து. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பது வயது தாண்டியவள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள், சங்கரன்கோவிலிலிருந்து வரப்போகும் ஒருவரின் தலையசைப்புக்காகக் காத்துக்கிடக்க வேண்டுமா என்று கேட்டேன். "அப்பா போன பெறகு ஒத்தையில நின்னு என்னைய வளத்தவ. அவ மனசு கோணினா என்னால முடியாது" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல? அந்த மனிதரை அந்தக் குணத்தோடுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் எறணாகுளம் மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறார். பிழைப்புக்காக வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. முதன்முதலில் பார்த்தபோது பஸ்ஸில் என் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் இல்லாமலே கேட்கும்படி போனில் கத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெல்லப் பேசக்கூடாதா என்று தமிழில் கேட்டேன். "நீங்க தமிழா?" என்றார். "பின்னே?" என்றேன். அந்தப் 'பின்னே'க்கு ஏன் அப்படிச் சிரித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பழகிய பிறகு அவரைச் 'சேட்டா' என்று கூப்பிட்டேன். இங்கே கட்டிய புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. "அண்ணன்னு கூப்பிட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கிடுவியா?" என்றார். இவை எல்லாம் எங்களுக்குள் விளையாட்டாக இருந்தன.

என் அப்பா கொச்சி கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். ஊர்ப்பக்கம் எங்களுக்கு நிலமும் இல்லை, போய் நின்றால் அடையாளம் தெரிகிற ஆளும் இல்லை. இருந்தது தமிழ் மட்டும்தான். அம்மா இருந்தவரை அம்மாவிடமும், அம்மா போன பிறகு என்னிடமும் தங்கையிடமும் அவர் போட்டிருந்த சட்டம் ஒன்று உண்டு: "வீட்டுக்குள்ள தமிழ்லதான் சம்சாரிக்கணும்." அதில் பேசணும் என்பதற்கு 'சம்சாரிக்கணும்' எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினார். தங்கை டிமிக்கி கொடுத்துவிட்டாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு பத்திரிகைகளும் புத்தகங்களுமாக வாசித்துத் தேறினேன். ஆனால் அந்தத் தமிழ் அச்சில் இருந்தது, வீட்டுத் தமிழ் நாக்கில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு எந்த அவசியமும் வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து மாப்பிள்ளை என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் கட்டிக்காத்ததற்கு வீடு தேடிக் கூலி வருவதாகவே அவர் நினைத்தார் என்று எண்ணுகிறேன்.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் ஒரு இரவல் காரில் வந்தார்கள். எங்கள் சந்தில் கார் வந்து நின்றால் பிறகு சைக்கிள்கூடப் போகாது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. இரிங்கோ. யாத்திரை எல்லாம் சுகமா இருந்ததா? வெயிலு கொறே உண்டு. வெள்ளம் எடுக்கட்டே?"

அவருடைய அம்மா சட்டென்று சந்தைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளமா? எங்கன?"

"தண்ணி வேணுமான்னு கேக்காவம்மா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "பிள்ள லெச்சணமாத்தான் இருக்கு. டீச்சரு வேலையில்லா, பேச்சும் தெளிவா இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட அடுக்களைக்குப் போனேன்.

அப்போதுதான் சந்தில் ஹாரன் அடிக்கத் தொடங்கியது. சுக்கு மூட்டை ஏற்றிய ஒரு குட்டி லாரி காருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு விடாமல் அலறியது. காரை எடுக்க அவர் எழுந்து போனார். பின்னால் பார்த்துச் சொல்ல மாமாவும் போனார். முன்னறையில் அவருடைய அம்மாவும் என் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

"ரெண்டாவது பிள்ளையக் காணலியே, எங்க இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"சின்னவளோ? அவ கெட்டு கழிஞ்சு போயாச்சு. இப்பம் பஹ்ரைன்ல. சுகமாட்டு இருக்கா."

"என்ன சொல்லுதீய?"

"ஆமான்னே. மூத்தவ இருக்கும்போ சின்னவ கெட்டு கழிஞ்சு போனதுல எனக்கு கொஞ்சம் விஷமம் உண்டு. இனி இவளும் கெட்டு கழிஞ்சு போனா எனக்கு சமாதானம் ஆச்சு."

இதைப் படிக்கும் உங்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கெட்டு என்றால் தாலிகட்டு. கழிஞ்சது என்றால் முடிந்தது. விஷமம் என்றால் மனவருத்தம். தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடிந்ததில் வருத்தம், இவளுக்கும் முடிந்தால் நிம்மதி. என் அப்பா சொன்னது இவ்வளவுதான். நான் பழம்பொரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கையின் கல்யாணப் படம் சுவரில் இருந்திருந்தாலாவது தப்பித்திருப்போம். மழையில் சுவர் ஓதம் ஏறிப் படம் பூத்துப்போகிறதே என்று கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தோம்.

தட்டோடு நான் வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார். அப்பா கொடுத்த டீயில் ஆடை படிந்திருந்தது. தலைவலி என்றார். காரை இன்னொரு சந்தில் விட்டுவிட்டு வந்த மகனிடம் "கெளம்பு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். என் முகத்தை அந்த அம்மா பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு அப்பா பழம்பொரியை எடுத்துக் கடித்துக்கொண்டே, "நல்ல மனுஷாளு. அதிகம் சம்சாரிக்கல" என்றார்.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார். குரலே வேறாக இருந்தது.

"தங்கச்சி விஷயத்த ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"என்ன விஷயம்?"

"அவ கெட்டுச் சீரழிஞ்சு எவன்கூடயோ வெளிநாடு போயிட்டான்னு உங்கப்பாவே எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. நீயும் அப்படிப் போனாத்தான் அவருக்கு நிம்மதியாம். ஒரு தகப்பன் பேசுற பேச்சா இது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "எங்கப்பா அப்படிச் சொல்லவே இல்ல. நான் அடுக்களைல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப எங்கம்மா பொய் சொல்லுதாளா?"

"அப்ப எங்கப்பா கள்ளம் பறையுறாரா?"

அம்மாவையும் மாமாவையும் மறுநாள் மத்தியானம் வைட்டிலாவில் பஸ் ஏற்றப் போவதாகவும், அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அப்பாவிடம் போய், தங்கையைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நல்லதாட்டுதான் சொன்னேன். ஏன்?" என்றார். அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அந்த அம்மாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மகனை என்னிடமிருந்து பிரிப்பதற்கு இப்படி ஒரு கதை கட்ட வேண்டுமா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை சுள்ளிக்கல்லில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வகுப்பு இருந்தது. பாடம், புதிய உயிரினங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பது. வேறு நாளாக இருந்தால் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அன்று வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

எப்போதும் சொல்கிற தவளைக் கதையைத்தான் சொன்னேன். நம் மலைத்தொடரில் ஒரே இனமாக ஒரு தவளைக் கூட்டம் இருக்கிறது. காலப்போக்கில் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருந்த ஈரக் காடு போய், வறண்ட பள்ளத்தாக்கு ஆகிவிடுகிறது. தோல் காய்ந்தால் செத்துப்போகும் பிராணி அதைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கத்தது அந்தப் பக்கம், இந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். இரண்டு மலையிலும் தலைமுறை தலைமுறையாகச் சின்னச் சின்ன மாற்றங்கள் வருகின்றன. ஒரு மலையில் வந்த மாற்றம் மறு மலைக்குப் போய்ச் சேர வழியில்லை. ஆண் தவளை மழைக்குக் கத்துமே, அந்தக் கத்தலின் தாளமும் மாறுகிறது. ஆனால் எந்தத் தாய்த் தவளையும் வேறு இனத்துத் தலைப்பிரட்டையைப் பெற்றதில்லை. ஒவ்வொன்றும் தன் அப்பனைப் போலத்தான் கத்தியது. இன்றைக்கு மாறிவிட்டோம் என்று எந்தத் தவளைக்கும் ஒரு நாள் கிடையாது.

பிறகு என்றோ பள்ளத்தாக்கில் மறுபடி காடு வளர்கிறது. இரண்டும் சந்திக்கின்றன. பார்த்தால் ஒரே மாதிரி. இந்தப் பக்கத்து ஆண் கத்துகிறது. அந்தப் பக்கத்துப் பெண் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சேராதே என்று யாரும் தடுக்கவில்லை. கூப்பிடுவது கூப்பிடுவதாகவே அதற்குக் கேட்கவில்லை. அப்படியே நீடித்தால் அவை இனி இரண்டு இனங்கள்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள்: "கேட்கலைன்னா பரவாயில்ல டீச்சர். தப்பாக் கேட்டா?"

"எப்படி?"

"தவளைக்குச் சண்டைக்குன்னு தனிச் சத்தம் உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்க கல்யாணத்துக்குக் கூப்பிடுற சத்தம் அங்க சண்டைச் சத்தமாயிட்டா?"

ஆகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை என்றால்? அப்பா சொன்னதை அப்படியே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், வீட்டுக் காதால் கேட்காமல், படித்த தமிழால் கேட்டேன். கெட்டு. கழிஞ்சு. போயாச்சு. இவளும் கெட்டு கழிஞ்சு போனா எனக்கு சமாதானம். கடவுளே, பெற்ற பெண்ணைப் பற்றி!

தலைமையாசிரியையிடம் வயிற்றுவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், துண்டித்தார். வைட்டிலா போகும் பஸ், பாலத்தின் மேல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றது. ஓட்டுநர் எஞ்சினையே அணைத்துவிட்டார். இறங்கி ஓடலாமா என்று எழுந்தேன், கண்டக்டர் அதட்டினார். அவர்கள் போய்விட்டால் இந்த விளக்கத்தைப் போனில் யார் கேட்கப் போகிறார்கள்? மகனைக் கைக்குள் போட்டுக்கொண்டவள் புரட்டிப் பேசுகிறாள் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

வைட்டிலா பஸ் நிலையத்தில் தென்காசி பஸ் நின்றிருந்தது. மாமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கீழே பையின் பக்கத்தில் நின்றார். அவர் என்னைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்து, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இங்க வச்சு வேண்டாம்" என்றார்.

"ஒரே ஒரு கேள்வி. அதுக்கப்புறம் போயிடுறேன்." அவரைத் தாண்டி அந்த அம்மாவிடம் கேட்டேன். "எங்கப்பா என்ன வார்த்தை சொன்னார்னு அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாம."

"அத எதுக்குத் தாயி எங்க வாயால சொல்லச் சொல்லுத? ஒம் மேல எனக்குக் கோவமில்ல. போ."

"சொல்லுங்க."

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சின்னவ கெட்டு கழிஞ்சு போயாச்சுன்னாரு. இவளும் கெட்டு கழிஞ்சு போகணும்னாரு."

"அவர் சொன்னது கல்யாணத்தை. எங்க பேச்சில கெட்டுன்னா தாலி கட்டுறது."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சரு நல்லாத்தான் சமாளிக்கா" என்று மகனிடம் சொன்னார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மாமா ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டார். மகன் குனிந்து பையைத் தூக்கினார். விளக்கிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவர்கள் முன்னால் நிறுத்தினேன்.

"சேச்சி, சேச்சியுடெ கெட்டு கழிஞ்ஞதாணோ?"

கேட்ட மாத்திரத்தில் அந்த அம்மா, "ஏட்டி!" என்று பதறினார். யாரோ ஒரு பெண்ணிடம் நீ கெட்டுப்போனவளா என்று கேட்கிறேன் என்றே நினைத்துவிட்டார். அடி விழும் என்று ஓரடி பின்னால்கூட நகர்ந்தார்.

லாட்டரிச் சேச்சி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "பின்னே! கெட்டு கழிஞ்ஞிட்டு கொறே காலமாயி மோளே. மூணு பிள்ளேரும் உண்டு." பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நிங்ஙளுடெ கெட்டு எந்நா?"

"என்னல சொல்லுதா?" என்று அந்த அம்மா மகனிடம் கேட்டார்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் ஆயி ரொம்ப வருசம் ஆச்சாம். மூணு பிள்ளையாம். எங்களுக்கு எப்பம்னு கேக்காவ."

அந்த அம்மா பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவி மனுசா, கல்யாணத்தையா அப்படிச் சொன்னாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மனுசன் குடுத்த டீய வாயில வைக்காம வந்துட்டனே" என்றார். பஸ் மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த அம்மா எழுந்து என் கையைப் பிடித்து, "வா, உங்க வீட்டுக்குப் போவோம். சம்பந்தம் பேசாம நான் ஊருக்குப் போகப்போறதில்ல" என்றார். அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆட்டோவில் வரும்போது, அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் அத்தை என்று கேட்டுக்கொண்டேன். "இதுல ஒளிக்க என்ன இருக்கு? நான்தான தப்பா நெனச்சேன், நான்தான மன்னிப்புக் கேக்கணும்" என்றார். வெள்ளை மனசு. உள்ளே வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் கேட்டார்:

"அல்ல, அங்க கெட்டுன்னா என்ன?"

"கெட்டுப்போறதுதான் அண்ணாச்சி. நடத்த கெட்ட பொம்பளையச் சொல்லுவோம்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "என் பிள்ளைகளையா நான் அப்படிச் சொன்னேன்?" என்றார், யாரிடம் என்றில்லாமல். கல்யாணத் தேதி, மண்டபம், சாப்பாடு என்று அதன் பிறகு நெடுநேரம் பேச்சு நடந்தது. எல்லாவற்றுக்கும் அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு நான் டம்ளர்களை எடுக்க வந்தேன். அப்பா அதே நாற்காலியில் இருந்தார்.

"அப்போ, நான் இத்தர காலம் சம்சாரிச்சது தமிழ் அல்லே, மோளே?"

பதிலைக் கேள்வியே சொல்லிக்கொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்கவில்லை.

"தமிழ்தான் அப்பா" என்றேன். பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கல்யாணம் சங்கரன்கோவிலில் நடந்தது. பந்தலுக்கு வந்தவர்களை எல்லாம் அப்பா வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். ஊர்க்காரர்கள் அவரிடம் வந்து கொச்சியைப் பற்றி ஆசையாகக் கேட்டார்கள். சுற்றிலும் தமிழாகவே கேட்டுக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவர் புன்னகைத்தார், தலையை ஆட்டினார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்கப்பா ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்காவ? எம் மேல கோவமா?"

"கோபம் ஒண்ணும் இல்ல அத்தை. அப்பாவுக்குத் தொண்டை சரியில்ல" என்றேன்.